வாதுமைக் கறுப்பு

என் அண்ணியின் காதில் விழும்படி "ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தப்பித்தவர் எங்கள் குப்பத்தில் ஒருவரும் இல்லை. கோட்டைச் சமையல்காரன் தப்பவில்லை. ஊர்க் கிழவர்கள் தப்பவில்லை. நான் மாட்டிக்கொண்டது அவர்கள் எல்லாரையும்விட மோசம். அதைக் கரையில் நின்று பாதி ஊர் பார்த்தது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. ஏரிக்கு அந்தப் பக்கம் கோட்டை, இந்தப் பக்கம் மணல்மேட்டில் எங்கள் குப்பம். அண்ணி என் பெரியப்பா மகனின் மனைவி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலி, அவ்வளவுதான். இந்தப் பக்கம் நான் முணுமுணுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

ஒருமுறை துடுப்பு ஒன்று நீளவாட்டில் பிளந்துபோயிற்று. "இது இனிமே எதுக்கும் ஆவாது" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே வேலி ஓரம் எறிந்தேன். எறிந்த கை கீழே இறங்கவில்லை, வேலிக்கு மேலே அண்ணியின் தலை தெரிந்தது.

"ஆவாதுனு எவன் சொன்னான்?"

"நான்தான் அண்ணி. பாரு, ரெண்டா பொளந்து கீது."

"ரெண்டா பொளந்தா ரெண்டாச்சு. ஒன்னு குறைஞ்சா போச்சு?"

மறுநாள் அந்தத் துடுப்பின் ஒரு பாதி அவள் வீட்டில் மீன் காயவைக்கும் பரணுக்குச் சட்டமாக நின்றது. மறுபாதி அவளுடைய இரண்டு பெண்குழந்தைகளுக்கு ஊஞ்சல் பலகை. ஊஞ்சல் ஆடும்போதெல்லாம் அந்தக் குழந்தைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல எனக்குத் தோன்றும். குழந்தைகள் சும்மாவே சிரிக்கும், எனக்குத்தான் நெஞ்சு குறுகுறுக்கும்.

ஊஞ்சல் கட்டியிருந்தது வாதுமை மரத்தில். அதைச் சொல்லாமல் அண்ணியைச் சொல்ல முடியாது. கப்பலில் மூட்டை கட்டி வருமே, கோட்டைச் சீமாட்டிகள் பலகாரத்தில் இடித்துப் போடும் வாதுமை, அது வேறு. இது எங்கள் உப்பு மணலிலேயே முளைக்கும் நாட்டு வாதுமை. குப்பத்தில் பாதாங்கொட்டை மரம் என்போம். குடை குடையாகக் கிளை விரித்து, வருடத்துக்கு இரண்டு முறை இலை முழுதும் சிவந்து உதிர்க்கும். எப்படி வந்தது என்று கேட்டால் அண்ணி கையை நெஞ்சில் வைத்துச் சொல்வாள்: "நான் கல்யாணம் ஆகி வந்த வருசம் கொட்டை ஒன்னு கடல்ல மெதந்து வந்து கரையில ஒதுங்கிச்சு. எத்தினி மாசம் மெதந்துச்சோ! தண்ணியில ஊறின கொட்டை முளைக்காதுனு ஒங்கண்ணன் சொன்னாரு. எடுத்து ஊனினேன்."

அண்ணன் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மரம் காய்க்கத் தொடங்கியதும் எனக்கும் அவளுக்கும் சண்டை தொடங்கியது. மூன்று கிளைகள் வேலி தாண்டி என் முற்றத்தில் நின்றன. என் பக்கம் விழுந்த கொட்டை என்னுடையது என்பது என் கட்சி. "கிளை ஒன் வூட்டுக்கு வந்தா விருந்தாளி. விருந்தாளி மடியில கைய வெப்பியா?" என்பது அவள் கட்சி. கடைசியில் கொட்டையைப் பொறுக்கினால் போதாது, உடைக்கவும் தெரியவேண்டும் என்று ஆயிற்று. வாதுமைக் கொட்டையின் ஓடு லேசுப்பட்டதல்ல. நான் கல்லால் அடித்தால் ஓடு நொறுங்கும், உள்ளே பருப்பும் நொறுங்கும், என் கட்டைவிரலும் நசுங்கும். அண்ணி கொட்டையை விளிம்பில் நிறுத்தி, ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். ஓடு இரண்டு தோணியாகப் பிரியும். நடுவில் பருப்பு கீறல் இல்லாமல் படுத்திருக்கும். அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு என் விரலைப் பார்ப்பாள்.

அந்த மரத்தின் நிழலைக்கூட அவள் வீணாக்கவில்லை, நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவாள். பருப்பு பிள்ளைகளுக்கு. மேல்தோலின் புளிப்புச் சதை ஆட்டுக்கு. ஓடு அடுப்புக்கு, அந்தப் புகையில் வாட்டிய கருவாடு தனி வாசனை. தளிர் இலையைக் கசக்கிச் சாறெடுத்துக் குழந்தைகளின் சொறிசிரங்கில் பூசுவாள். பெரிய இலை சாப்பாட்டுக்கு. ஈர இலையை நண்டுக்கூடைமேல் மூடினால் நண்டு சந்தைவரை உயிரோடு போகும். ஒரு பண்டம் எதற்கும் உதவாது என்றால் அது பண்டத்தின் குற்றமில்லை, பார்த்தவன் கண்ணின் குற்றம் என்பது அவள் முடிவு. மனிதர்கள் விஷயத்திலும் அப்படியே நினைத்தாள். இல்லாவிட்டால் என்னை எல்லாம் அவள் என்றோ வேலிக்கு அப்பால் நிறுத்தியிருப்பாள்.

முகத்துவாரத்து மணல்திட்டில் தோணி கவிழ்ந்து அண்ணன் போனது ஓர் ஐப்பசியில். வலையும் அவரோடு போயிற்று. அழுகை ஓய்ந்த பிறகு குப்பத்தில் எல்லாரும் மனதுக்குள் ஒன்றையே நினைத்தோம். வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அண்ணனுடைய பாடு யாருக்கு?

பாடு என்றால் ஏரியில் வலை போடும் இடமும் முறையும். நல்ல இடங்கள் கொஞ்சம், வீடுகள் அதிகம். அதனால் இன்ன நாளில் இன்ன வீட்டுக்கு இன்ன இடம் என்று ஊருக்கு நியாயம் சொல்லும் நாட்டார் முறை வைப்பார். ஒரு வீட்டில் ஆண் செத்தால் அடுத்து அந்த வீட்டு முறை வருகிற முதல் நாளில் அவர்கள் வலை தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் பாடு நெருங்கிய பங்காளிக்குப் போய்விடும், திரும்பி வராது. பாடு போன வீடு குப்பத்தில் இருக்கும், ஏரியில் இருக்காது. மற்றவர்கள் வலையில் மீன் பொறுக்கிக்கொடுத்துக் காலம் தள்ள வேண்டியதுதான்.

நெருங்கிய பங்காளி நான்.

எனக்கு அந்தப் பாடு வேண்டும் என்று இருந்தது. இதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? முகத்துவாரத்துக்கு உள்ளே, கடல் வற்றும்போது ஏரி நீர் ஓடும் வாய்க்கால் முனையில், ஏரியிலேயே இறால் கொழுத்த இடம் அது. எனக்கு வாய்த்த பாடோ கெளுத்தி முள் குத்துகிற சேறு. "அண்ணியையும் பிள்ளைங்களையும் நாம பார்த்துக்கலாம்" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒன்ன பார்த்துக்கவே ஒரு ஆளு வேணும்" என்றாள்.

ஊர் கூடியபோது அண்ணி இரண்டு பெண்களையும் இரண்டு பக்கம் உட்காரவைத்துக்கொண்டு நாட்டாரைக் கேட்டாள்.

"முறைக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க நைனா."

நாட்டார் நல்லவர், ஆனால் சட்டம் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். "வலை இருக்கணும்மா. ஆள் இருக்கணும். கோட்டையில காலை வெடி போடறதுக்கு முன்ன வலை தண்ணியில எறங்கி இருக்கணும்."

"ஆள்னா யாரு?"

"ஆள்னா... தண்ணியில நிக்கத் தெரிஞ்சவங்க, வலை இழுக்கத் தெரிஞ்சவங்க."

"அம்மாந்தானே?"

"அம்மாந்தான்."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தத் தலையாட்டலில் நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் புரியும் வயதாகியும் புத்தி வரவில்லை.

அவளே நூல் வாங்கினாள். கருவாட்டையும் வாதுமைப் பருப்பையும் தலையில் சுமந்து காட்டூர்ப் பக்கம் போய், அங்கே வயல் வீடுகளில் நூற்ற பருத்தி நூலுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து கார்த்திகை முழுதும் வலை முடிந்தாள். கண்ணி அவ்வளவு சீர். நான் வேலி வழியாகப் பார்த்துவிட்டு வயிறு எரிந்தேன்.

ஆனால் வெள்ளை நூல் வலை ஏரிக்குப் போகாது. தண்ணீர் தெளிந்த மாதத்தில் மீன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். உப்பில் ஊறி ஒரு மாதத்தில் இற்றுப்போகும். பட்டைச் சாறு ஏற்றியாக வேண்டும். எங்கள் குப்பத்தில் அதற்கு ஊருக்குப் பொதுவாக ஒரு செப்புக் கொப்பரை. வருடம் ஒருமுறை ஆவாரம்பட்டையை அதில் கொதிக்கவிட்டு எல்லார் வலையையும் முக்கி எடுப்போம். சாவு விழுந்த வீட்டு வலை ஒரு வருடத்துக்கு அந்தக் கொப்பரையில் விழக்கூடாது என்று ஒரு கட்டு உண்டு. பாதிப் பேருக்கு அது மறந்தே போயிருந்தது. அதைக் கூட்டத்தில் ஞாபகப்படுத்திய வாய் என்னுடையது.

அண்ணி என்னைத் திட்டவில்லை. சுருட்டிய வெள்ளை வலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்று இரவுச் சோற்றை என் மனைவி எனக்குத் தரையில் வைத்துத் தள்ளினாள்.

இரண்டு நாள் கழித்து வேலிக்கு அப்பால் மரத்தில் ஏதோ செதுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். மரத்துக்கு நோகாமல் கிளைகளிலிருந்து மட்டும் பட்டை சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உதிர்ந்த இலை ஒரு குவியல், பச்சைக் காய்த்தோல் ஒரு குவியல். மூன்று கல் கூட்டிப் பெரிய மண்பானை ஏற்றியிருந்தாள்.

"இன்னா அண்ணி, கொழம்பா?"

"வலைக்குச் சாயம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாதாங்கொட்டைச் சாயம் வலைக்கு ஆவாது அண்ணி. யாரும் செஞ்சதில்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அண்ணி சீவுவதை நிறுத்தினாள். கையிலிருந்த கத்தியை உயர்த்திக் காட்டினாள். கத்தி முழுதும் கறுத்திருந்தது.

"பச்சைக் காயை அறுத்தா கத்தி கறுக்குது. பத்து வருசமா தேய்க்கறேன், போகல. கத்தியில போவாதது வலையில மட்டும் போயிடுமா?"

அந்தக் கறுப்பு எங்கள் எல்லார் வீட்டுக் கத்தியிலும் இருந்தது. எல்லாரும் அதைத் தேய்த்துக் கழுவினோம். இவள் ஒருத்திதான் அதைப் பார்த்தாள்.

முதல் காய்ச்சலில் பழுப்புத்தான் வந்தது. காய் இரும்பில் பட்டால்தான் கறுக்கிறது என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒரு கத்தியைப் போட்டு ஒரு பானையைக் கறுக்க முடியுமா? அப்போதுதான் குண்டு வந்தது. உண்மையான பீரங்கிக் குண்டு. கோட்டையில் பழகுவதற்காகச் சுடும் குண்டுகளில் ஒன்று வருடக்கணக்காகக் கரைச் சேற்றில் கிடந்து செதில் செதிலாகத் துருவேறியிருந்தது. அந்த வருடம் கப்பல் பிந்தியதால் கோட்டை மடைப்பள்ளியில் சீமை வாதுமை தீர்ந்துபோய், ஏதோ பண்டிகைப் பலகாரம் நின்றுவிடும் போலிருந்தது. அண்ணி ஒரு கூடை நாட்டு வாதுமைப் பருப்போடு வாசலில் போய் நின்றாள். "இது ஆவாது, இது வேற கொட்டை" என்றானாம் சமையல்காரன். பாவம், புது ஆள். கொஞ்ச நேரத்தில் பருப்பை இடித்துச் சர்க்கரையில் பிசைந்து வாயில் போட்டுப் பார்த்து, கூடையை உள்ளே வாங்கிக்கொண்டானாம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சேற்றில் கிடக்கும் குண்டைக் காட்டியிருக்கிறாள். அவன் சிரித்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். தோணியின் அடியில் வைக்கோல் பரப்பி, பிள்ளையைக் கிடத்துவதுபோல் அதைக் கிடத்திக்கொண்டு வந்தாள்.

குண்டு பானைக்குள் போயிற்று. பத்து நாள் சாறும் துருவும் ஊறின.

அதற்குள் குண்டு போன சேதி கோட்டைக்குள் பரவிவிட்டது. கோட்டைச் சிப்பாய் ஒருவன், அவன் பேச்சை எங்களுக்குச் சொல்ல ஒரு துபாஷி, இரண்டு பேரும் குப்பத்துக்கு வந்தார்கள். ஊரே மரத்தடியில் கூடிவிட்டது. நானும் போனேன். அண்ணிக்கு ஆபத்து என்று பதறினேனா, ஆசைப்பட்டேனா என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"ஏம்மா, கோட்டைக் குண்டை எடுத்தாந்துட்டியாமே? தப்பு இல்லையா?" என்றார் துபாஷி.

"சேத்துல கெடந்தப்ப யார் குண்டு சாமி?"

"அப்பவும் கோட்டைக் குண்டுதான்."

"அப்ப எடுத்துக்கோங்க. பானையில கீது. கைய வுடுங்க."

துபாஷி சட்டைக் கையை மடக்கிக்கொண்டு கையை விட்டார். குண்டு கனம், வழுக்கல். இரண்டு முறை நழுவவிட்டுக் கையை வெளியே எடுத்தபோது கை சாம்பல் நிறத்தில் இருந்தது. அவ்வளவுதானே என்று வேட்டியில் துடைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றுப் பட்டுக் கை கறுத்தது. வேட்டியும் கறுத்தது. மணலால் தேய்த்தார், ஏரித் தண்ணீரில் கழுவினார், புளியும் போட்டுப் பார்த்தார். ம்ஹூம்.

எங்களுக்கு உயிர் போயிற்று. ஆனால் அவர் கோபப்படவில்லை. எழுத்து வேலை பார்க்கிறவர் அல்லவா? விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். மடியிலிருந்து ஒரு கடுதாசித் துண்டை எடுத்தார். தரையில் கிடந்த நாணல் குச்சியைப் பானையில் தோய்த்துக் கோடு இழுத்தார். ஊதினார். கோடு கறுத்து நின்றது. தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தார், கலையவில்லை. சிப்பாயிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். அவன் தோளைக் குலுக்கினான்.

"குண்டு இருக்கட்டும்மா. ஒரு சொம்பு மை ஊத்திக் குடு" என்றார் துபாஷி.

அதன்பிறகு மாதம் ஒரு சொம்பு கோட்டைக்குப் போயிற்று. "கடல் தாண்டிப் போவுதே கடுதாசி, அதெல்லாம் நம்ம பானையில முக்கி எழுதினது" என்று அண்ணி சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ராணி தோற்றாள்.

வலையை முக்கி எடுத்துக் கிளையில் காயப்போட்டபோது முதலில் அழுக்குச் சாம்பலாக இருந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். வெயில் ஏற ஏற வலை கறுத்தது. மாலையில் அது காக்கைச் சிறகுபோல் இருந்தது. கறுப்பு வலை ஏரிக்குப் பீடை, இறால் அண்டாது என்று கிழவர்கள் சொன்னார்கள். எங்கள் வலைகள் எல்லாம் செம்பழுப்பு. கறுப்பு வலையை எவர் கண்டார்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் அந்த வாய்களில் ஒன்று.

தை மாதம் அவள் முறை வந்தது.

அன்று நான் விடியும் முன்பே தோணியை ஓட்டிக்கொண்டு வாய்க்கால் முனைக்குப் போய்விட்டேன். தோணியில் என் வலை, நட்டு வைக்க ஒரு கழி. அண்ணிக்குத் துணையாக ஆம்பிளை ஆள் யாரும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படிப் போகாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். கரையில் நாட்டாரும் பாதி ஊரும் வந்து நின்றார்கள். வெளிச்சம் வந்தது. நான் ஏரியைத் துழாவிப் பார்த்தேன். தோணி ஏதும் இல்லை. வலைக்கு மேலே வெள்ளையாக மிதக்குமே கட்டைகள், அவை இல்லை. கொஞ்ச தூரத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நாலைந்து பெண்களின் தலைகள். அக்கரைப் பெண்கள் பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். தினமும் காண்பதுதான், யார் நின்று பார்ப்பது? மற்றபடி தண்ணீரில் கொஞ்சம் வாதுமைக் கொட்டைகள் மிதந்தன. அண்ணி வீட்டு மரத்துக் கொட்டை ஏரியில் மிதப்பது புதிதா என்ன?

கோட்டையில் காலை வெடி போட்டார்கள். புகை எழுந்தது, கொக்குகள் எழுந்தன, நானும் எழுந்தேன்.

"நாட்டாரே! வெடி ஆச்சு! வலை எறங்கல! பாடு என்னுது!" என்று கத்திக்கொண்டே கழியோடு தண்ணீரில் குதித்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் எனக்குத் தெரியும், இடுப்பளவு. தெரியாதது வேறு. இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை. இழுத்தேன், மற்றக் காலும் போயிற்று. கழியை ஊன்றினேன், கழியும் சிக்கிற்று. முகம் குப்புற விழுந்து எழுந்தபோது என் மூக்குக்கு நேரே ஒரு வாதுமைக் கொட்டை. அதை அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. உற்றுப் பார்த்தேன். காய்ந்த கொட்டைகளைக் கொத்துக் கொத்தாகக் கறுப்புக் கயிற்றில் கோத்து, வாய்க்காலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வளைத்திருந்தது. கடலில் மாதக்கணக்காக மிதந்து வந்த கொட்டை, ஒரு வலையை மிதக்கவைக்காதா? இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை?

இறால் தடவிய தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நடுவிலிருந்த தலை வாயிலிருந்த பறியைக் கையில் எடுத்தது.

"கொழுந்தனே, அசையாத" என்றாள் அண்ணி. "வலை புதுசு."

கரையில் நாட்டார் மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. துண்டை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பு.

"நைனா! வலை வெடிக்கு முன்ன எறங்கிச்சா இல்லையா?" என்று அண்ணி அங்கிருந்தே கேட்டாள்.

"எறங்கிச்சும்மா! சாட்சியே வலைக்குள்ள நிக்குது!"

"ஆளு?"

"தண்ணியில நிக்கறாங்கம்மா!"

"இழுக்கத் தெரியுமானு இப்பப் பாருங்க."

அடுத்தவன் பாடு உள்ள இடத்தில் கால் வைத்தவன் அன்றைக்கு அந்த வலையை இழுத்துக் கொடுக்க வேண்டும். அது எங்கள் பழைய கட்டு. பழைய கட்டுகளை ஞாபகப்படுத்துவதில் கெட்டிக்காரன் நான், இதை மட்டும் நாட்டார் ஞாபகப்படுத்தினார். பங்கு பேசி அண்ணி கூட்டிவந்த நாலு அக்கரைப் பெண்கள் ஒரு பக்கக் கயிற்றை இழுக்க, அண்ணியோடு நான் மறுபக்கம் இழுத்தேன். முதலில் தண்ணீர் கனம்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் இழுத்ததும் கயிறு கையில் துடித்தது. மீன்காரன் கைக்கு அது தெரியும். சிறு துடிப்பு அல்ல, அடியிலிருந்து ஏரியே கிளம்பி வருவதுபோல ஒரு கனம். வலையின் மடி கரை தட்டியபோது உள்ளே இறால் கொதித்தது. நடுநடுவே மடவை மீன் துள்ளிற்று, நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. தெளிந்த தண்ணீரில் எங்கள் செம்பழுப்பு வலைகளைக் கண்டு விலகி ஓடிய மீன் எல்லாம், கறுப்பை நிழல் என்று நினைத்து நேரே வந்து புகுந்திருந்தன. என்னைப்போலவே.

எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் பொங்கிற்று. சொன்னால் யார் நம்புவார்கள்? தோற்றவன் நான், ஆனால் கையில் துடித்த கயிறு ஜெயித்த கயிறு. அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள், முகமெல்லாம் சேறு. அவள் பெண்கள் இரண்டும் கரையில் குதித்தன. "ஒங்கண்ணன் வலைகூட இம்மாம் இழுத்ததில்ல கொழுந்தனே" என்றாள்.

பங்கு போடும்போது நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன்.

"எங்க போற? இழுத்த கைக்குப் பங்கு உண்டு."

அந்தப் பெண்களுக்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும், ஓர் இறால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, வாதுமை இலைகளில் கட்டித் தந்தாள். அதை வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது என் மனைவி, "எந்த வலையில பட்டது?" என்று தெரியாதவள்போல் கேட்டாள். கரையில் நின்று முதலில் கைதட்டியவளே அவள்தான்.

அந்தப் பாடு பிறகு எப்போதும் அண்ணியுடையதாகவே இருந்தது. அவளுக்குப் பின் அவள் பெண்கள் இறங்கினார்கள்.

அடுத்த வருடம் வலைக்குப் பட்டை ஏற்றும் காலம் வந்தது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் தீர்மானம் சொல்லவில்லை. ஒரு காலையில் பார்த்தால் ஆறு பேர் ஊர்க் கொப்பரையைத் தோளில் தூக்கிக்கொண்டு அண்ணியின் மரத்தடிக்கு வந்து இறக்கினார்கள். பானையிலிருந்த குண்டு கொப்பரைக்கு மாறிற்று. ஒவ்வொரு வீட்டாரும் வலையோடு வரிசையில் நின்றார்கள். பீடை என்று சொன்ன கிழவர்கள் முன்னால் நின்றார்கள். நான் கடைசியில் நின்றேன். வேலியைத் தாண்டினால் கொப்பரை, ஆனால் நான் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

என் முறை வந்தது. அண்ணி இரண்டு கையிலும் முழங்கைவரை கறுப்போடு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா கொண்டாந்த?"

"வலை, அண்ணி."

"பாதாங்கொட்டைச் சாயம் வலைக்கு ஆவாதுனு எவனோ சொன்னானே. எவன் அவன்?"

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. என் மனைவி பார்த்தாள். ஊஞ்சலில் இருந்த பெண்கள் ஊஞ்சலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நான்தான் அண்ணி சொன்னேன்."

"அக்கரைக்குக் கேக்கல."

வலையைக் கீழே வைத்தேன். தண்ணீர் ஓரம் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, கோட்டைக்கும் அக்கரைக்கும் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நான்தான் சொன்னேன்!"

வாய்க்கால் முனையில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற பெண்கள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூவிப் பதில் கொடுத்தார்கள். நான் திரும்பி வந்தபோது அண்ணி என் வலையைக் கொப்பரைக்குள் போட்டுத் தன் கையாலேயே அமுக்கிக்கொண்டிருந்தாள்.